கூரை போட்ட சிலுவை

“இது ஓவியம் இல்லம்மா, மரண வாக்குமூலம்” என்றார் போதகர் ஹெம்ப்பெல், இன்னொரு கேக் துண்டை எடுத்துக்கொண்டே.

யூலியானே ரோலாஃப் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காலுறையின் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் அவள் முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி. குனியும்போதெல்லாம் அது வழுக்கி இறங்கியது, ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அது ஆண்கள் போடுகிற காலுறை. போட்டுக்கொள்ள ஆளில்லாத வீட்டில் அதை ஏன் தைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் யோப்ஸ்ட். ஒரு காலத்தில் சந்தைக்குச் சந்தை பொம்மலாட்டம் நடத்தினேன். இப்போது துப்பறியும் அமாண்டஸ் கிரெல்லுக்குப் பெட்டி தூக்குகிறேன். இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசமில்லை, கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். கிரெல் முன்பு நீதிமன்ற விசாரணை அதிகாரி. பெண்டாட்டி இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, ஊரார் தொலைத்ததைத் தேடித் தருகிற மனிதராகிவிட்டார்.

விவகாரம் இதுதான். ஓவியர் எபர்ஹார்ட் ரோலாஃப் அக்டோபர் கடைசியில் ஒரு விடியலில் வீட்டைவிட்டுப் போனார். எல்பே ஆற்றங்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு மீன்காரி பார்த்திருக்கிறாள். பிறகு அவர் தொப்பி மட்டும் பாலத்துக்குக் கீழே ஒதுங்கியது. ஆள் இல்லை, உடலும் இல்லை. டிரெஸ்டன் முழுக்க ஒரே முடிவுக்கு வந்துவிட்டது.

வருகிற ஞாயிறு மரித்தோர் ஞாயிறு. அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைப் போதகர் பீடத்திலிருந்து வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் மணி அடிக்கும். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குப் பெயரும் கிடையாது, மணியும் கிடையாது.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்யா” என்றாள் யூலியானே கிரெல்லிடம். “ஞாயித்துக்கிழமை அவர் பேரு வாசிக்கணும். அவருக்கு ஒரு மணி அடிக்கணும். ஊர்ல குதிரைத் திருடனுக்குக்கூட அடிக்கிறாங்க.”

“நானா மாட்டேங்கிறேன்?” போதகர் கேக் துகளைத் தட்டிவிட்டு ஓவியத்தைக் காட்டினார். “கடைசியா வரைஞ்சது இது. இந்த ஊருக்கு அவர் படத்தை வாசிக்கத் தெரியும். ஊசியிலை மரம்னா விசுவாசம், ஏன்னா பனியிலயும் இலை உதிராது. நங்கூரம்னா நம்பிக்கை. கரைக்கு வர்ற படகுன்னா ஆயுசு முடியுது. இதுல பாருங்க, மரமெல்லாம் கறுப்பு. சூரியன் இறங்கியாச்சு. நங்கூரம் இல்ல. எல்லாத்துக்கும் மேல, எல்லாப் படத்துலயும் சாம்பல் அங்கி போட்டுக்கிட்டு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஆள் நிப்பானே, அவன் எங்க? காணோம். தன்னையே அழிச்சுட்டார்.”

“மரத்தை மரம்னு சொல்றவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் போலிருக்கு” என்றேன்.

“உங்க ஆளை வாயை மூடச் சொல்லுங்க.”

“பத்து வருஷமா சொல்லிட்டு இருக்கேன் போதகரே” என்ற கிரெல், மூக்கு சாயத்தில் ஒட்டிவிடுகிற மாதிரி ஓவியத்துக்குள் குனிந்திருந்தார். ஒரு பாறை, அதன்மேல் ஒரு மரச்சிலுவை, பின்னால் இரண்டு கறுத்த மரங்கள், மற்றதெல்லாம் மங்கிச் சிவந்த வானம். “அம்மா, இது எந்த இடம்?”

“எந்த இடமும் இல்லய்யா. கடலோரப் பாறை ஒண்ணு, ஆத்தோர மரம் ஒண்ணு, எப்பவோ பார்த்த மேகம் ஒண்ணு. எல்லாத்தையும் நோட்டுலேந்து எடுத்து, இந்த அறையில உக்காந்து சேர்ப்பார். அவர் படத்தைத் தேடிக்கிட்டுக் கிளம்பினவங்க யாரும் எங்கயும் போய்ச் சேர்ந்ததில்ல.”

“சிலுவைக்கு மேல ரெண்டு பலகை சரிவா இருக்கே, அது என்ன?”

“பரலோக வாசலோட சின்னம்” என்றார் போதகர் உடனே.

கிரெல் நிமிர்ந்தார். “போதகரே, சின்னம் மழையில நனையுமா?”

“என்ன கேள்வி இது?”

“நனையாத பொருளுக்கு எவனாவது கூரை போடுவானா?”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் சாக்சனி லுத்தரன் நாடு, இங்கே சிலுவை கோவிலுக்குள் இருக்கும், வழியோரத்தில் நடுவதில்லை. எல்லை தாண்டி பொஹீமியாவுக்குள் கால் வைத்தால் கத்தோலிக்கர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் நட்டு வைத்திருப்பார்கள். பனியில் மரம் உளுத்துப்போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு சின்னக் கூரை. டிரெஸ்டன்காரர்களான நாங்கள் சிலுவையைப் பார்த்ததும் அர்த்தம் தேடினோம். பொஹீமியாக்காரன் எவனாவது பார்த்திருந்தால் யார் வீட்டுச் சிலுவை என்று கேட்டிருப்பான்.

“இன்னொண்ணு” என்றார் கிரெல். “இடது பலகை நேரா இருக்கு. வலது பலகை வளைஞ்சிருக்கு. கற்பனையில வர்ற பலகை வளையாது. இது பழைய பீர் பீப்பாயோட பலகை. மனுஷர் மத்ததையெல்லாம் சேர்த்துத் தச்சிருக்கலாம், இந்தச் சிலுவையைக் கண்ணால பார்த்திருக்கார்.”

“மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க” என்றார் போதகர். அவர் தலையைப் பார்த்துவிட்டு நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். “சனிக்கிழமை சாயங்காலம் வரை பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

அவர் போனதும் யூலியானே காபி ஊற்றினாள். கோப்பையின் அடியில் வரைந்திருந்த பூ தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவு நீர்த்த காபி. தனியாக இருக்கிறவர்கள் வீட்டுக் காபி அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அதே பூ தெரியும்.

“போறப்ப என்ன போட்டிருந்தார்மா?” என்றார் கிரெல்.

“சாம்பல் மேலங்கி. உள்பக்கம் கிழிஞ்சுபோச்சுன்னு என் பழைய பச்சைப் பாவாடையை வெட்டிப் போட்டுத் தச்சேன். வெளிய சாம்பல், உள்ள பச்சை. உலகத்துல வேற யார்கிட்டயும் இருக்காது.”

*

தபால் வண்டி எங்களை எல்லையோர ஊரான ஷண்டாவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நடை. நவம்பர் மழை சாரலாகவும் இல்லாமல் பனியாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே முகத்தில் அடித்தது.

எல்லையில் சுங்கக்காரன் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒரு ரொட்டி, ஒரு சாசேஜ், கிரெல்லின் கழுத்துத்துணி.

“எதுக்கு வந்தீங்க?”

“சிலுவை தேடி” என்றேன்.

“இங்க தேடவே வேண்டாம், நடந்தா இடிக்கும். எந்தச் சிலுவை?”

“ஒரு பக்கம் பீப்பாய்ப் பலகை போட்ட சிலுவை” என்றார் கிரெல்.

சுங்கக்காரன் சிரித்தான். “அதுவா? ரெசி புருஷன் போட்டது. பீப்பாய் செய்யறவன். பலகை கேட்டா ஊர்ல யாரும் குடுக்கலை, தன் பட்டறையிலேந்து ஒண்ணு உருவி அடிச்சுட்டான். கர்த்தர் பீர் வாசனையிலதான் தொங்குறார்னு எங்க சாமியார் திட்டுவார். அந்த ஆளு போய்ச் சேர்ந்துட்டான், சிலுவை அப்படியே நிக்குது. மேல ஏறுங்க.”

“சார், டிரெஸ்டன்ல அத்தனை பேர் உக்காந்து அர்த்தம் பண்ணின படத்தை, ஒரு சுங்கக்காரன் தும்மற நேரத்துல சொல்லிட்டான்” என்றேன்.

“அவன் படத்தைப் பார்க்கலையே, அதான்.”

மேலே ஏறினோம். வழியில் ஒருவரும் இல்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அந்த அமைதியில் எனக்குப் பேசவேண்டும் போலிருந்தது, ஆனால் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டதால் நிறுத்திக்கொண்டேன். வயதான ஒரு மனிதர் தொப்பி இல்லாமல் தன்னந்தனியாக இந்த வழியில் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

சிலுவை வந்தது. எனக்கு ஏமாற்றம். ஓவியத்தில் வானத்தைத் தொட்டது, இங்கே என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கர்த்தரின் ஒரு கால்விரல் உடைந்திருந்தது. கூரையின் வலது பலகை வளைந்திருந்தது, அது சரி. ஆனால் அடியில் பாறை இல்லை, சின்ன மேடு மட்டும். பின்னால் நீளமாக ஒரு முட்டைக்கோஸ் தோட்டம், அதற்கப்பால் ஒரு பன்றிக் கொட்டகை.

“சார், இதைத்தான் பார்த்து அழுதாங்களா டிரெஸ்டன்ல?”

கிரெல் சிலுவையைச் சுற்றி வந்தார். பின்னால் போனார், முன்னால் வந்தார். திடீரென்று ஈரப் புல்லில் முட்டிபோட்டார். பத்து வருடத்தில் அவர் எதற்கும் முட்டிபோட்டு நான் பார்த்ததில்லை.

“யோப்ஸ்ட், முட்டி போடு.”

“சார், என்னோட ஒரே நல்ல கால்சட்டை இது.”

“போடுடா.”

போட்டேன். முட்டைக்கோஸ் தோட்டம் காணாமல் போயிற்று. சிலுவை நின்ற சின்ன மேடு எழும்பித் தோட்டத்தையும் பன்றிக் கொட்டகையையும் மறைத்துவிட்டது. மேட்டுக்கு மேலே சிலுவை, அதன் பின்னால் இரண்டு மரங்களின் உச்சி, மற்றதெல்லாம் வானம். பாறை ஒன்றைத் தவிர அச்சு அசலாக அந்த ஓவியம்.

“படத்துல ஆளைக் காணோம்னாரே போதகர்” என்றார் கிரெல் மெதுவாக. “ஆளு எங்கயும் போகலை. படத்துக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டிருக்கான்.”

“இன்னும் ரெண்டு பேரா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முட்டைக்கோஸ் கூடையோடு தடித்த பெண்ணொருத்தி நின்றிருந்தாள். ரெசி. “போன மாசம் ஒருத்தர், இப்ப ரெண்டு பேர். எங்க ஊர்க்காரங்களே இந்தச் சிலுவைக்கு இவ்வளவு மரியாதை குடுக்கறதில்ல. என் புருஷன் பார்த்திருந்தா பூரிச்சுப்போயிருப்பான்.”

கிரெல் எழுந்தார். “அந்த ஒருத்தர் எப்படி இருந்தார்மா?”

“வயசானவர். நல்ல மனுஷன். தொப்பியைக் காத்து ஆத்துல அடிச்சுட்டுப் போயிடுச்சாம், வெறுந்தலையோட வந்தார். என் வைக்கோல் பரண்ல படுத்துப்பார். சூப் குடுத்தா குடிப்பார், அதிகம் பேச மாட்டார். விடிஞ்சா இங்க வந்து முட்டி போட்டுடுவார். மழையோ பனியோ, அசைய மாட்டார். எங்க சாமியாரே பூசையில சொன்னார், இவரைப் பார்த்துக் கத்துக்குங்கடான்னு.”

“கையில காகிதம் இருந்துதா?”

“நான் எங்க கிட்டப் போனேன்? ஜெபம் பண்றவங்களைத் தொந்தரவு பண்ணுவாங்களா? கை ரெண்டையும் மார்போட சேர்த்து வெச்சிருப்பார்.”

“இப்ப எங்க அவர்?” என்றேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

ரெசி கூடையைக் கீழே வைத்தாள். “கல்லறைத் திருநாள் அன்னிக்கு எல்லாரும் மெழுகுத்திரி ஏத்தப் போனோம். என் புருஷன் நட்டதாச்சேன்னு நான் இங்க ஒண்ணு ஏத்த வந்தேன். சிலுவையில சாஞ்சிருந்தார். தூங்குறார்னு தொட்டேன், பனிக்கட்டி. காயம் கீயம் ஒண்ணும் இல்ல. வாய் ஒரு பக்கம் லேசா கோணியிருந்துது. என் மாமனாரும் இப்படித்தான் வாதம் வந்து போனார்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஊரே வந்துது. பேர் தெரியாது, ஆனா இப்பேர்ப்பட்ட பக்தனுக்கு என்ன பேரு வேணும்? எல்லா மணியும் அடிச்சோம். அந்த மாதிரி அடக்கம் எங்க ஊர்ல பணக்காரனுக்குக்கூட நடந்ததில்ல.”

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். புது மண்மேடு. சின்ன மரச்சிலுவையில் ‘விருந்தாளி’ என்று மட்டும் எழுதியிருந்தது. டிரெஸ்டனில் ஒரு மணிக்காக ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருக்கிறாள், அவள் புருஷனுக்கு இங்கே ஊரே சேர்ந்து அத்தனை மணியையும் அடித்து முடித்திருக்கிறது. எனக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது.

ரெசி வீட்டிலிருந்து மேலங்கியை மடித்துக் கொண்டுவந்தாள். “சொந்தக்காரங்க வருவாங்கன்னு வெச்சிருந்தேன்.” வெளியே சாம்பல். கிரெல் ஒரு மூலையைப் புரட்டினார். பச்சை. பையில் கைவிட்டார், விரல் நீளம்கூட இல்லாத ஒரு பென்சில் வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“பென்சில் இருந்தா காகிதமும் இருந்திருக்கும், காத்தோட போயிருக்கும். மார்போட சேர்த்துப் பிடிச்சது நோட்டு. யோப்ஸ்ட், மனுஷர் முட்டி போட்டது வரையறதுக்கு! இங்கேந்து பார்த்தாத்தான் தோட்டம் மறையும். திரும்ப வரைய வந்திருக்கார்.”

“வரையறதுக்கா?” ரெசிக்கு விளங்கவில்லை. “அவர் எந்தக் கோவில்?”

கிரெல் பொய் சொல்லத் தெரியாதவர். “எங்க கோவில்தான்மா. லுத்தரன்.”

ரெசி தன் மேல் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கிரெல்லின் கையைப் பிடித்தாள். “ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை எங்க சாமியார் காதுல போட்டுடாதீங்க. தோண்டி எடுக்கச் சொல்லிடுவார். பாவம், இப்பத்தான் படுத்திருக்கார்.”

“சொல்ல மாட்டோம்.”

“அவர் ஜெபம்தான் பண்ணினார்” என்றாள் அவள், எங்களை நம்பவைக்க விரும்புகிறவள் போல. “வரையறவங்க மூஞ்சி அப்படி இருக்காது.”

கிரெல் தலையாட்டிவிட்டு நடந்தார். பென்சிலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

திரும்பும் வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். அந்த அங்கி எங்களுக்கு நடுவே ஒரு மூன்றாவது ஆள் போல உட்கார்ந்திருந்தது.

“யோப்ஸ்ட்” என்றார் கிரெல், ஜன்னலைப் பார்த்தபடி. “நான் எங்கயாவது செத்துக் கிடந்தா, என் அங்கியோட உள்துணி என்ன நிறம்னு சொல்ல யாரு இருக்கா?”

“நிறம் தெரியாது சார். கிழிஞ்சிருக்கும்னு நான் சொல்லுவேன்.”

அவர் சிரித்தார். “அது போதும்” என்றார்.

*

சனிக்கிழமை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் யூலியானேயின் மேஜைமேல் அங்கியை விரித்தோம். அவள் பச்சைத்துணியைத் தடவினாள். தையலை விரலால் தொட்டுக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி அங்கேயே விரலை வைத்துக்கொண்டாள். அழவில்லை.

கிரெல் நடந்ததைச் சொன்னார். போதகர் ஹெம்ப்பெல் முழுக்கக் கேட்டார். “சரி, தற்கொலை இல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார். பிறகு அவர் முகம் மறுபடி இறுகியது. “ஆனா கத்தோலிக்கச் சிலுவைக்கு முன்னால முட்டி போட்டிருக்கார். கத்தோலிக்க சாமியார் அடக்கம் பண்ணியிருக்கார். அப்ப அந்தப் பக்கம் போயிட்டார்னுதானே அர்த்தம்? நான் நம்ம சபையில மரிச்சவங்க பேரைத்தான் வாசிக்க முடியும்.”

யூலியானே அங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆற்றிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த மனிதரை மறுபடி எல்லைக்கு அப்பால் தள்ளுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போதகரே” என்றார் கிரெல். மெழுகுத்திரித் தண்டை மேஜையின் இந்த விளிம்பில் வைத்தார், ரொட்டிக் கூடையைப் பின்னால் தள்ளினார். “இங்க வாங்க. முட்டி போடுங்க.”

“எதுக்கு?”

“விசாரணைக்கு.”

போதகர் முனகிக்கொண்டே முட்டிபோட்டார்.

“மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்துடுச்சு சார்” என்று நான் கிரெல்லின் காதில் சொன்னேன்.

“ரொட்டிக் கூடை தெரியுதா போதகரே?”

“இல்ல. மேஜை விளிம்பு மறைக்குது. மெழுகுத்திரி மட்டும் தெரியுது. பின்னால ஜன்னல், வானம்.” போதகரின் குரல் மாறியது. ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி மெழுகுத்திரியைப் பார்த்தார். “ஓ!”

“அங்க பின்னால முட்டைக்கோஸ் தோட்டம். அதை மறைக்கத்தான் முட்டி போட்டார். மூட்டை தூக்கறவன் குனியற மாதிரி, இது ஓவியன் வேலை செய்யற நிலை. பையில பென்சில். தொழில் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப வாதம் வந்துது. அந்த ஊர்க்காரங்க பார்த்துட்டு பக்தின்னு நெனச்சுட்டாங்க.”

போதகர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்த பொஹீமியாக்காரர்களின் பேதைமையை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வரைஞ்ச ஆளைப் புனிதர் ஆக்கிட்டாங்களா! சரிம்மா. நாளைக்கு எபர்ஹார்ட் ரோலாஃப் பேரை வாசிக்கிறேன். மணியும் அடிக்கும்.” அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

கிரெல் ஒரு துண்டு கேக்கை எடுத்தார். வழக்கு முடிந்தால் மட்டும்தான் அவர் இனிப்பு சாப்பிடுவார்.

“ரொம்ப நன்றிய்யா” என்றாள் யூலியானே. “நல்லா சொன்னீங்க. போதகர் நம்பிட்டார்.”

அந்தக் கடைசி வார்த்தையில் ஏதோ இருந்தது. கேக் கிரெல்லின் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அவள் மூக்கிலிருந்து அந்தப் பெரிய கண்ணாடியைக் கழற்றினாள். மடக்கி, அங்கியின்மேல் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது அவரோடது.”

கிரெல் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவர் போன அன்னிக்கு, சாயம் குழைக்கிற மேஜைமேல இப்படித்தான் மடிச்சு வெச்சிருந்துது. நோட்டும் பக்கத்துலயே இருந்துது. பார்த்தா, திரும்பி வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துது. போதகர் பார்த்தா அதையும் ஒரு சின்னம்னு சேர்த்துக்குவார்னு பயந்து என் மூக்குல மாட்டிக்கிட்டேன். அவர் கண்ணாடி இல்லாம கிட்டக்க எதையும் பார்க்க முடியாதுய்யா. ஒரு கோடு போட மாட்டார். தன் கைரேகைகூட தெரியாது. அந்த பென்சில் எத்தனையோ வருஷமா அந்தப் பையில கிடக்குது, எடுத்துப் போட எனக்கு மனசு வரலை.”

கிரெல் கேக்கைத் தட்டில் வைத்தார். என் எஜமானர் தோற்று நான் பார்த்தது அபூர்வம். அன்று அவர் தோற்றது ரெசியிடம்.

“அப்ப அவர் அங்க வரையலை” என்றார்.

“இல்ல.”



யூலியானே ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் சின்னதாக இருந்தது. “கல்யாணமான நாள்லேந்து சிலுவை சிலுவையா வரைஞ்சு தள்ளினார். ஊரே பார்த்து உருகும். கோவிலுக்கு என்கூட வருவார், பின்பெஞ்சில கல்லு மாதிரி உக்காந்திருப்பார். ஒருநாள்கூட ஜெபத்துக்கு வாய் அசைஞ்சு நான் பார்த்ததில்ல. ஒருதரம் கேட்டேன், உங்களுக்கு நிஜமாவே நம்பிக்கை உண்டாங்கன்னு. வரையத் தெரியும், அதுக்கு மேல தெரியலைன்னார். அதுக்கப்புறம் நான் கேட்கவே இல்ல. இவர் உள்ள ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே வீட்டுல, ஒரே மேஜையில, அவர் தனியா, நான் தனியா.”

வெளியே வண்டி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

“யாருக்கும் தன்னைத் தெரியாத ஊருக்குப் போய் முட்டி போட்டிருக்கார். இங்க போட்டா அதுக்கும் எல்லாரும் அர்த்தம் சொல்லுவாங்கன்னு கூச்சப்பட்டிருப்பார். ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா. நானும் பக்கத்துல முட்டி போட்டிருப்பேனே.” அப்போதுதான் அவள் அழுதாள். கிரெல் தன் கைக்குட்டையைத் தேடினார், இல்லை, என்னுடையதை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை நாங்கள் கோவிலுக்குப் போனோம். எங்களுக்கும் அங்கே வாசிக்கப்பட்ட பெயர்கள் உண்டு, ஆனால் அவை பழைய வருடத்துப் பெயர்கள். போதகர் ஒவ்வொன்றாக வாசித்தார். “எபர்ஹார்ட் ரோலாஃப், ஓவியர்” என்றபோது மேலே மணி அடித்தது. ஊரார் தலையைத் திருப்பி யூலியானே வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

அந்த இடம் காலியாக இருந்தது.

“சார், இந்த மணிக்குத்தானே கெஞ்சினாங்க! எங்க போனாங்க?”

“விடியக்கால வண்டியில ஷண்டாவ் போயிட்டாங்க” என்றார் கிரெல். “நான்தான் ஏத்திவிட்டேன். முட்டைக்கோஸ் தோட்டம் வரைக்கும் வழி சொல்லியிருக்கேன். கண்ணாடியைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

மணிச்சத்தம் அடங்குகிறவரை நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் அவள் அந்த மேட்டுக்குக் கீழே ஈரப் புல்லில் முட்டிபோட்டிருப்பாள். கூடையோடு வருகிற ரெசி, இதோ இன்னொரு பக்தை என்று நினைப்பாள். நாங்கள் இருவரும் முட்டிபோட்டபோது அவள் நினைத்தது தப்பு. இந்த முறை தப்பில்லை.